பதக்கத்தின் விளிம்பைப் படியுங்கள்: கொடியேற்று விழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், ஜனவரி 26 வந்தால் “ஒரு மிலிட்டரிக்காரரைக் கூப்பிடலாமே” என்று நினைக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் அருவங்காட்டுக்காரி. தாத்தா கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அப்பா 1980இல், 18 வயதில், வெலிங்டனில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மலை ரயில் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்துபோய் வரிசையில் நின்றவர். எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன்தான் வெலிங்டன். அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் நடந்துபோனவர், வீட்டோடு வந்து தங்க 26 ஆண்டுகள் ஆயின. 2006இல் மெட்ராஸ் ரெஜிமென்டின் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 2023 ஆடியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

இந்த மடலை அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதற்கான காரணம் 2017 ஜனவரி 26 அன்று நடந்தது.

அன்று ஒரு பள்ளியில் கொடியேற்று விழாவுக்கு அப்பாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. முதல் நாள் இரவே பித்தளைப் பொத்தான்களைப் பிராஸோ போட்டுத் தேய்த்தார். நேவி ப்ளூ கோட்டின் இடப்பக்கம் ஏழு பதக்கங்களையும் வரிசை குலையாமல் குத்தினார். வரிசை சரிதானா என்று அம்மாவிடம் மூன்று முறை கேட்டார். அம்மாவுக்கு அந்த வரிசை தெரியாது. இருந்தும் மூன்று முறையும் “சரியா இருக்குங்க” என்றாள்.

மைதானத்தில் உறைபனி. புல் வெள்ளையாக இருந்தது. கொடி ஏறியது, பிள்ளைகள் பாடினார்கள், அப்பா நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்தார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு விழாவைத் தொகுத்து வழங்கிய இளம் ஆசிரியை மைக்கோடு அப்பாவிடம் வந்து, உண்மையான ஆசையோடுதான், கேட்டார்: “ஐயா, இவ்வளவு மெடல் போட்டிருக்கீங்க. இதுல வீரத்துக்காகக் குடுத்தது எது?”

அப்பா தன் மார்பைக் குனிந்து பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மைக்கில் சொன்னார்: “இதெல்லாம் எல்லாருக்கும் குடுக்கறதுதான் டீச்சர்.”

ஆசிரியைக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. “பிள்ளைகளா, எல்லாரும் பலமா கை தட்டுங்க” என்றார். கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடை ஏழு பதக்கங்களையும் மூடிக்கொண்டது. அப்படியே போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜரிகைக்கு அடியில் ஒரு பதக்கத்தின் முனை மட்டும் தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் பதக்கங்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, “இதை உள்ள வை” என்று அம்மாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் முட்டி வலி என்று சொல்லிவிட்டார். முட்டி வலி இருந்தது உண்மைதான். ஆனால் அதே முட்டியோடு தினமும் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். நம் எல்லாரிடமும் இருப்பது அந்த ஒரே கேள்விதான். பதக்கம் என்றால் வீரம், வீரம் என்றால் சக்கரம், சக்கரம் இல்லையென்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று பழகிவிட்டோம். உங்களுக்கு வேறு சில கேள்விகளைக் கொடுக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பரம்வீர் சக்கரமும் மகாவீர் சக்கரமும் வீர் சக்கரமும் 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டவை. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த போர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பரம்வீர் சக்கரம் பெற்றவர்கள் மொத்தம் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு அது இறந்த பிறகு வந்தது. அவர்கள் முன் யாருடைய தலையும் தானாகக் குனியும். ஆனால் உங்கள் ஊரில் ஓய்வு பெற்று வாழும் சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் எல்லாரும் அணிவது பெரும்பாலும் சேவைப் பதக்கங்கள்தான். எங்கே போனார், என்ன குளிரில் நின்றார், எத்தனை ஆண்டு நின்றார் என்று எழுதிய ரசீதுகள் மாதிரி அவை. “எல்லாருக்கும் குடுக்கறது” என்று அப்பா சொன்னது பொய்யில்லை. போனவர்கள் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்த ‘எல்லாரும்’ யார் என்பதை அந்த மைதானத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா போய் நாற்பதாம் நாள் முடிந்த பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தேன். நம் மலையின் ஈரம் உங்களுக்குத் தெரியும். பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தும் ரிப்பன்கள் பூசணம் பிடித்துப் பச்சைப்புள்ளி போட்டிருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பழைய மல்துணியால் துடைத்தேன். துடைக்கும்போது விரல் நுனியில் ஏதோ சொரசொரத்தது. பதக்கத்தின் விளிம்பில், காசின் ஓரம் போன்ற அந்த மெல்லிய சுற்றில், எழுத்துகள் அடித்திருந்தன. கண்ணுக்கு எட்டவில்லை. அம்மா பஞ்சாங்கம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன்.

அப்பாவின் பட்டாள எண். அப்போதைய பதவி. பெயர். ரெஜிமென்ட்.

அவர் உயிரோடு இருந்த 61 வருஷத்தில் ஒருமுறைகூட நான் இதைப் பார்த்ததில்லை. முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். முன்பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். விளிம்பு அவருடையது மட்டும். ஒரு பதக்கத்தில் அவர் சிப்பாய், இன்னொன்றில் லான்ஸ் நாயக், பிறகு நாயக், பிறகு ஹவில்தார். ஏழையும் வரிசையாக வைத்து விளிம்புகளைப் படித்தால், 18 வயதுப் பையன் 44 வயது மனிதராக ஆனது ஒவ்வொரு படியாகத் தெரிந்தது.

சைன்ய சேவா பதக்கத்தில் அவர் சிப்பாய். அதன் ரிப்பனில் ஜம்மு காஷ்மீருக்கான பட்டை இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. நான் அப்போது பிறக்கவே இல்லை.

அடுத்ததைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது சிறப்புச் சேவைப் பதக்கம், ‘ஆபரேஷன் பவன்’ பட்டையோடு. விளிம்பில் லான்ஸ் நாயக். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை வீரர்களுக்குக் கொடுத்தது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் ஆனது. அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. அந்த அக்டோபரில்தான் அப்பாவின் பட்டாலியன் விமானத்தில் பலாலியில் இறங்கியது. எனக்கு இரண்டு வயது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அங்கே உயிர் விட்டார். அந்த நடவடிக்கையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. அவர்கள் இழந்ததை மறுத்துப் பேச எனக்கு உரிமையில்லை, அப்பாவும் ஒருநாளும் மறுத்ததில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு கப்பலில் சென்னை வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி ஈழத்தமிழர்கள் பட்ட பாட்டைக் காரணமாகச் சொல்லி வரவேற்கப் போகவில்லை. அப்பாவின் பட்டாலியன் அதற்கு முன்பே திரும்பியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவரை விட்டுப் போகவே இல்லை.

பட்டாளம் முழுக்க மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபிக்காரரும் சொல்வார், நாகாலாந்துக்காரரும் சொல்வார். அப்பாவுக்கு அந்தப் பெயரில் பெருமை உண்டு. இலங்கையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு கதைதான். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டைச் சோதனை போட உள்ளே போயிருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு வயதான அம்மா உரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்பா இந்தியில் ஏதோ உத்தரவு கேட்டுத் திரும்பி, தன்னையறியாமல் தமிழில் “பார்த்து, பார்த்து, பானை உடையும்” என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தலை நிமிர்ந்து, “தம்பி, நீங்கள் தமிழோ?” என்றாராம்.

“நான் என்னம்மா சொல்றது?” என்று என்னிடம் கேட்டார் அப்பா. ஆமாம் என்றும் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு அவரைத் ‘தம்பி’ என்று பட்டாளத்தில் யார் கூப்பிட்டாலும் அந்த முற்றம் ஞாபகம் வரும் என்றார்.

இதை நான் இங்கே எழுதக் காரணம் நம் மலைதான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களுக்காக டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே போனாலும் அவர்கள் நம் அக்கம்பக்கம். எங்கள் வீட்டுக்கு மேல் வரிசையில் அட்டனிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தாள். அப்பா லீவில் வந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குட்டான் பனங்கட்டி கொண்டுவந்து அந்தப் பாட்டியிடம் கொடுத்தாராம். பாட்டி மலையகத்துக்காரி, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்தவளில்லை. இருந்தும் அந்த ஓலைக் குட்டானை மோந்து பார்த்துவிட்டு, “அங்க நம்ம சனம் எப்படிய்யா இருக்கு?” என்று கேட்டாள் என்று அம்மா சொல்வாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பாட்டியும் எழுந்து போகவில்லை. இருட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம்.

ஆகவே, தலைமையாசிரியர்களே, உங்கள் விழாவில் ஒருவர் இந்தப் பதக்கத்தோடு வந்து நின்றால், இரண்டு தவறுகளையும் செய்யாதீர்கள். அவரை அந்தப் போரின் வெற்றிவீரர் ஆக்காதீர்கள். அந்தப் போரின் குற்றவாளியாகவும் பார்க்காதீர்கள். அனுப்பியவர் யார், போனவர் யார் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பிலேயே அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேத்தியும் அந்த லான்ஸ் நாயக்கின் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

சியாச்சின் பதக்கத்தில் அவர் நாயக். 1984 ஏப்ரல் 13 முதல் நம் படை அந்தப் பனியாற்றின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. அப்பா 1993இல் அங்கே இருந்தார். நான் சின்ன வயதில் “அப்பா, நம்ம ஊர்ல மாதிரி பனியா?” என்று கேட்டபோது சிரித்தார். “நம்மூர்ல விழறது பனியில்ல கண்ணு, பூ” என்றார். முட்டை கல்லாக உறைந்திருக்குமாம். பற்பசை ட்யூபிலிருந்து வெளியே வராதாம். கூடாரத்துக்குள் இரவும் பகலும் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியும். காலையில் துப்பினால் எச்சில் கறுப்பாக வருமாம். பசி செத்துப்போகும், சாக்லேட்டும் டின் பழமும் கண்ணெதிரில் இருந்தும் தொண்டையில் இறங்காது. பனிக்கடியில் இடது காலின் சுண்டுவிரல் நுனி போனது. அந்தக் காலில் செருப்பு நழுவும், அதனால் அவர் எப்போதும் வார் வைத்த செருப்புதான் போடுவார். பள்ளியில் மேடைப் படி ஏறும்போது அவர் அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்ததை நான் கண்டேன். அன்று மைக்கில் யாராவது “ஐயா, காலுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தால் போதும், பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பாடம் கிடைத்திருக்கும்.

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல் நிலையில் பனிச்சரிவு. புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனோடு நின்றவர்கள். அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள் என்று செய்தி வந்ததும் அப்பா டீவி முன்னாலிருந்து எழவே இல்லை. பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார் என்றதும் வெளியே போய் வெகுநேரம் செடிகளுக்கு நடுவில் நின்றார். அந்தப் பத்துப் பேரும் அன்று துப்பாக்கிச் சண்டை போட்டுச் சாகவில்லை. நின்ற இடத்தில் நின்றதால் செத்தார்கள். அந்த நிற்பதற்குக் கொடுப்பதுதான் அந்தப் பதக்கம்.

சுதந்திரப் பொன்விழாப் பதக்கம் 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த அத்தனை பேருக்கும் வந்தது. இதைத்தான் உண்மையில் ‘எல்லாருக்கும்’ என்று சொல்லலாம். அன்று எனக்கு 12 வயது. பள்ளியில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கினேன். அருவங்காட்டு எஸ்டிடி பூத்தில் ராத்திரி எட்டு மணி வரை அப்பாவின் அழைப்புக்காக அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். லைன் கிடைக்கவில்லை. அவர் அந்தப் பதக்கத்தை அணியும்போதெல்லாம் எனக்கு அந்த பூத்தின் சிவப்பு எண்கள்தான் தெரியும்.

பராக்ரம் பதக்கத்தை நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. 2001 டிசம்பர் 13 அன்று பாராளுமன்றத்தைத் தாக்கினார்கள், பெரும்படை எல்லைக்குப் போனது, பத்து மாதம் நின்றது, போர் வரவில்லை, திரும்பியது. “சண்டையே நடக்கலையே, அதுக்கு எதுக்கு மெடல்?” என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவரே கேட்டார். அந்தப் பத்து மாதத்தில் எல்லையில் கண்ணிவெடி புதைத்தவர்கள் நம் ஆட்கள். புதைக்கும்போதும், பிறகு தோண்டி எடுக்கும்போதும் பலர் செத்தார்கள், பலருக்குக் கால் போனது. அப்பாவோடு ரெக்ரூட்டாகச் சேர்ந்த ஒரு நண்பருக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவர் கோட்டிலும் அதே பதக்கம்தான். அவரும் உங்கள் மேடையில் “எல்லாருக்கும் குடுக்கறது” என்றுதான் சொல்வார்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏழில் இரண்டின் விளிம்பு வெறுமையாக இருந்தது. எழுத்தே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். பட்டாலியன் எழுத்தர் பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் பணி விவரங்களைப் பதியும் உத்தரவில், பதிந்து, அது பதிவேட்டில் ஏறி, கோரிக்கை மேலே போனால்தான் பதக்கம் வரும். ரிப்பனை அணியும் உரிமை அன்றைக்கே கிடைத்துவிடும், உலோகம் வர வருஷக்கணக்காகும். அப்பா ஓய்வு பெற்ற நாளில் இருபதாண்டு நீண்ட சேவைப் பதக்கமும் பராக்ரம் பதக்கமும் வந்து சேரவில்லை. அணிவகுப்பில் இடம் காலியாகத் தெரியக் கூடாதே என்று கன்டோன்மென்ட் பஜாரில் ஒரு தையல் கடையில் காசு கொடுத்து நகல் வாங்கிக் குத்திக்கொண்டார். தன் இருபது வருஷத்துக்கான பதக்கத்தை ஒரு மனிதன் கடையில் விலைக்கு வாங்கினான். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினார். 2015இல் ஒரு பதிவுத் தபால் வந்தது. பராக்ரம் பதக்கம். விளிம்பில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பா அதைத் திருப்பி அனுப்பவில்லை, கோட்டிலும் மாற்றிக் குத்தவில்லை. தனியாக ஒரு கைக்குட்டையில் சுற்றி டின்னின் அடியில் வைத்திருந்தார். இருபதாண்டுப் பதக்கம் இன்றுவரை வரவில்லை. உங்கள் ஊரிலும் இப்படிக் காத்திருக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். விளிம்பு வெறுமையாக இருந்தால் அவரைச் சந்தேகப்படாதீர்கள். ஒரு தாளில் அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். உங்களிடம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

பிஸ்கட் டின்னுக்குள் போன பதக்கங்கள் ஒரே ஒருமுறை வெளியே வந்தன. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவரோடு வந்தவர்களும். பனிமூட்டத்துக்குள் சத்தம் கேட்டு அந்த ஊர்ச் சனம் கம்பளியும் குடத்தில் தண்ணீருமாக நெருப்பை நோக்கி ஓடியது. மறுநாள் வெலிங்டனில் அஞ்சலி முடிந்து உடல்களைச் சுமந்த வண்டிகள் மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூர் விமானத் தளத்துக்கு இறங்கின. வழிநெடுக நம் மக்கள் பூத் தூவினார்கள். அப்பா அன்று காலையில் அம்மாவிடம் டின்னைக் கேட்டார். ரிப்பனில் பூசணம் இருந்தது. குமுட்டி அடுப்பின் அனலில் காட்டிக் காட்டி உலர்த்தினார். முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குன்னூருக்குக் கீழே ஒரு வளைவில், சாலையோரக் கூட்டத்துக்குப் பின்னால், ஏழு பதக்கத்தோடு நின்றார். வண்டிகள் கடக்கும்வரை கையை இறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் என்னிடம் மெதுவாக, “அக்கா, தாத்தா எந்த ஊர்லலாம் இருந்தாரு?” என்று கேட்டான்.

ஏறக்குறைய ஐந்து வருஷம் முன்பு மேடையில் யாரும் கேட்காத கேள்வியை, எட்டு ஒன்பது வயதுப் பையன் ரோட்டோரத்தில் கேட்டான். அப்பா காதில் விழுந்துவிட்டது. வண்டிகள் போன பிறகு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒவ்வொரு பதக்கமாகத் தொட்டு, “இது காஷ்மீர். இது சிலோன். இது சியாச்சின், ரொம்பக் குளிரு” என்று சொன்னார். பையன் சியாச்சின் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

அதனால் உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. மிலிட்டரிக்காரரை அழைத்தால், விழாவுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு மாணவர்களை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கெங்கே இருந்தார் என்று அதில் இருக்கும். விளிம்பைப் பிள்ளைகளே படிக்கட்டும். விழா அன்று அவர்களே மைக்கில் சொல்லட்டும், இந்தப் பதக்கம் இந்த ஊர், இந்த வருஷம், அப்போது தாத்தாவுக்கு இந்த வயது என்று. அவருக்கு நாற்காலி போடுங்கள். உறைபனியில் ஒரு மணி நேரம் நிற்க வைக்காதீர்கள். சூடாக ஒரு டீ கொடுங்கள். பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால் கையில் கொடுங்கள், மார்பை மூடாதீர்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பிள்ளைகள் யாரையும் கேட்க விடாதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் அவர் அன்று இரவு தூங்கமாட்டார்.

அவர் இல்லாத வீடு என்றால் அவர் மனைவியை அழையுங்கள். இறந்தவரின் பதக்கங்களைக் குடும்பத்தார் வலப்பக்கம் அணிவது பட்டாள வழக்கம். அம்மாவுக்கு இது தெரியாமல் இருந்தது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சேலையில எப்படிடி குத்தறது, கிழிஞ்சுடுமே” என்றாள். ஸ்வெட்டரில் குத்திக்கொள்ளலாம் அம்மா என்றேன். நீலகிரியில் எந்த அம்மா ஸ்வெட்டர் இல்லாமல் ஜனவரியில் வெளியே வருகிறாள்?

ரிப்பன்களைப் புதிதாக மாற்றிவிட்டேன். பெயரில் எழுத்து மாறிய பராக்ரம் பதக்கத்தை இப்போது வரிசையில் சேர்த்துவிட்டேன், கடையில் வாங்கிய நகலை எடுத்துவிட்டேன். இருபதாண்டுப் பதக்கத்தின் நகல் மட்டும் இன்னும் அதன் இடத்தில் இருக்கிறது. நான்காவது விண்ணப்பம் என் பெயரில் போயிருக்கிறது.

வரும் ஜனவரி 26க்கு அருவங்காடு, வெலிங்டன், குன்னூர் சுற்றுவட்டத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் அம்மாவும் நானும் வருகிறோம். பத்து நிமிஷம் போதும். பூதக்கண்ணாடியை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்,
அருவங்காடு